தலைமையும் விடாமுயற்சியும்: ஒரு மென்பொருள் நிறுவனம் சொல்லித் தரும் பாடம்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய நாள் முதல் இந்தப் பதினொரு ஆண்டுகளாக வெண்பலகைக்கு முன்னால் நின்று பேசித்தான் எனக்குப் பழக்கம். அங்கே நான் பேசினால் பிள்ளைகள் கேட்டே ஆகவேண்டும். இங்கே அப்படி இல்லை. பிடிக்காவிட்டால் நீங்கள் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடலாம். ஆகையால் கொஞ்சம் பயத்தோடுதான் நிற்கிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு தலைமைப் பண்பும் விடாமுயற்சியும். அதைச் சொல்லுமுன் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு இதே விழா முடிந்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கிக் கொண்டிருந்தோம். உதவிக்கு நின்ற ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். "சார், இன்னிக்கு மேடைக்கு வந்து பரிசு வாங்கின பிள்ளைங்க ஒன்பது பேரு. கீழ உக்காந்து கைதட்டின பிள்ளைங்க முப்பது பேருக்கு மேல. அந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்புறீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த ஆண்டு அவங்களும் வாங்குவாங்க அண்ணே" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓராண்டு கழித்து, அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்று பேசுகிறேன். அவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நான் சொல்லப்போவது ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கதை. மென்பொருள் என்றதும் சில தாய்மார்கள் முகத்தைப் பார்க்கிறேன். "இது நமக்கு எதுக்கு?" என்று அந்த முகம் கேட்கிறது. பொறுங்கள். கணினி என்பது வெறும் இரும்பும் கண்ணாடியும்தான். தானாக அதற்கு ஒன்றும் தெரியாது. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய், இது இப்படி இருந்தால் அப்படிச் செய் என்று வரி வரியாக எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கட்டளைகளுக்குத்தான் மென்பொருள் என்று பெயர். அந்தக் காலத்தில் நம் தோட்டத்துக் கிராணியார் பெரிய பேரேட்டை விரித்து வைத்து, யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பால் எடுத்தார், எவ்வளவு பிடித்தம் என்று இராத்திரி பத்து மணி வரை கணக்குப் போடுவார் அல்லவா? அந்தக் கிராணியார் மண்டைக்குள் இருந்த முறையை எழுத்தாக்கிக் கணினிக்குக் கொடுத்தால் அது மென்பொருள். உலகத்து வங்கிகள், கடைகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் இப்படிக் கட்டளை எழுதிக் கொடுப்பதே ஒரு பெரிய தொழிலாகிவிட்டது.

அந்தத் தொழிலில் பெயர் பெற்ற ஒரு நிறுவனம் இந்தியாவின் இன்போசிஸ். இன்று அதில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். அதைத் தொடங்கிய எழுவரில் மூத்த வழிகாட்டியாக இருந்தவர் நாராயணமூர்த்தி. அவருடைய தகப்பனார் யார் தெரியுமா? ஒரு பள்ளி ஆசிரியர். எட்டுப் பிள்ளைகள் உள்ள குடும்பம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1946-இல் கர்நாடகத்தில் பிறந்த அந்தப் பையன் கெட்டிக்காரன். ஐ.ஐ.டி. என்னும் பெரிய பொறியியல் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டான். ஆனால் அங்கே தங்கிப் படிக்கப் பணம் வேண்டும். ஆசிரியர் சம்பளத்தில் எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு மட்டும் அவ்வளவு செலவழிக்கத் தகப்பனாரால் முடியவில்லை. கூடப் படித்தவர்கள் போனார்கள். இவன் வீட்டிலிருந்தே மைசூரில் உள்ள பொறியியல் கல்லூரிக்குப் போனான். அங்கே நன்றாகப் படித்து, பிறகு மேல்படிப்புக்கு அதே ஐ.ஐ.டி.யின் கான்பூர் கிளையில் இடம் பிடித்தான். 1969-இல் அங்கே பட்டம் பெற்றான்.

மாணவச் செல்வங்களே, இதைக் கவனியுங்கள். முன்வாசல் மூடியிருந்தது. அவன் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கவில்லை. சுற்றிப் போய்ப் பின்வாசல் வழியாக உள்ளே போனான். சில ஆண்டு தாமதமாயிற்று, அவ்வளவுதான். உங்களில் சிலருக்கு வேண்டிய இடைநிலைப்பள்ளி கிடைக்காமல் போகலாம். வேண்டிய பாடப்பிரிவு கிடைக்காமல் போகலாம். அந்த எழுவரில் இன்னொருவர், கோபாலகிருஷ்ணன் என்பவர், மருத்துவராக ஆசைப்பட்டவர். இடம் கிடைக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இயற்பியல் படித்து, கணினிப் படிப்பும் படித்து, பிற்காலத்தில் அந்த நிறுவனத்துக்கே தலைமை நிர்வாகியானார்.

படித்து முடித்ததும் நாராயணமூர்த்தி நேராக வெற்றி பெற்றுவிட்டாரா என்றால், இல்லை. எழுபதுகளில் அவர் சாப்ட்ரானிக்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். ஒன்றரை ஆண்டுக்குள் மூடவேண்டியதாயிற்று. இந்தியாவில் அப்போது கணினி வைத்திருந்தவர்களே மிகக் குறைவு. மாடே இல்லாத ஊரில் புல் விற்கப் போனது போலத்தான். தோற்றது ஏன் என்று அவர் யோசித்தார். உழைப்பில் குறையில்லை, சந்தைதான் இங்கே இல்லை, அது வெளிநாட்டில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். மறுபடியும் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் மற்ற ஆறு பேரையும் சந்தித்தார்.

1981 ஜூலை 2-ஆம் நாள் புனே நகரில் இன்போசிஸ் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்தாயிரம் ரூபாய். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வங்கி கொடுத்ததா? இல்லை. அவருடைய மனைவி சுதா அம்மையார் தம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து வைத்திருந்த பணம் அது. அவரும் பொறியியல் படித்தவர், வேலை பார்த்தவர். கணவர் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கியபோது குடும்பச் சுமையையும் அந்த அம்மாள் தாங்கினார்.

தாய்மார்களே, இது உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. கூட்டு கட்டிய பணத்தை எடுத்துப் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்கியவர்கள் நீங்கள். அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்த ஐம்பது வெள்ளியை எடுத்துப் பேருந்துக் கட்டணம் கட்டியவர்கள் நீங்கள். உலகத்துக்குத் தெரிந்த பெரிய நிறுவனத்தின் அஸ்திவாரத்திலும் அப்படி ஒரு பெண்ணின் சேமிப்புத்தான் கிடக்கிறது.

நிறுவனம் தொடங்கியாயிற்று. ஆனால் ஒரு வேடிக்கை. கணினித் தொழில் செய்ய வந்தவர்களிடம் கணினி இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அரசாங்க உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்காக டில்லிக்குப் பலமுறை அலைந்தார்கள். தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்தால் அது வர ஓராண்டு. வெளிநாடு போக அந்நியச் செலாவணி வேண்டும் என்றால் அதற்கும் நடுவண் வங்கியில் காத்திருக்கவேண்டும். 1983-இல் பெங்களூருக்கு இடம் மாறிய பிறகுதான் சொந்தக் கணினி கைக்கு வந்தது.

அதுவரை என்ன செய்தார்கள்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா? இல்லை. நியூயார்க்கில் கிடைத்த முதல் வாடிக்கையாளருக்காகத் தோழர்கள் அமெரிக்காவுக்கே போய், அங்கே இருந்த கணினியில் வேலை செய்து கொடுத்தார்கள். நாராயணமூர்த்தி இந்தியாவில் இருந்து அலைச்சல் வேலைகளைப் பார்த்தார். மழைக்காலத்தில் பால் வெட்டமுடியாது. அதற்காக நம் பெரியவர்கள் சும்மா இருந்தார்களா? உளியைத் தீட்டினார்கள், புல் வெட்டினார்கள், மங்குகளைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மழை விட்ட அன்று காலை முதல் மரத்தில் நின்றார்கள். காத்திருப்பதிலும் வேலை உண்டு என்று தெரிந்தவர்களே கடைசி வரை நிற்கிறார்கள்.

இப்போது 1990-ஆம் ஆண்டுக்கு வருவோம். என் பேச்சில் முக்கியமான இடம் இதுதான். ஒன்பது ஆண்டுகள் உழைத்தும் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. எழுவரில் ஒருவர் அதற்குள் விலகிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, நிறுவனத்தை ஒரு மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார். தோழர்கள் கூடிப் பேசினார்கள். பட்டதெல்லாம் போதும், விற்றுவிடலாம் என்ற எண்ணம் அந்த அறையில் இருந்தது. நான்கு மணி நேரம் பேச்சு நடந்தது.

அந்த நான்கு மணி நேரமும் நாராயணமூர்த்தி வாய் திறக்கவில்லை. இளையவர்கள் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்தான் பேசினார். நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், விடியப்போகிற நேரத்தில் இருட்டைப் பார்த்துப் பயப்படவேண்டாம் என்ற பொருளில் பேசினார். உங்களுக்கு விற்கத்தான் வேண்டுமென்றால், உங்கள் பங்குகளை எல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அப்போது அவர் கையில் காசு இல்லை! அறை அமைதியாகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்ன பிறகு எல்லோரும் விற்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

மறு ஆண்டு, 1991-இல், இந்திய அரசாங்கம் பொருளாதாரக் கொள்கையை மாற்றியது. உரிமத் தொல்லைகள் குறைந்தன. ஒன்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு பத்தாம் ஆண்டில் திறந்தது. 1990-இல் விற்றிருந்தால் திறந்த கதவுக்குள் வேறு யாரோ நுழைந்திருப்பார்கள்.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நம் பள்ளியில் சனிக்கிழமைக் கணினி வகுப்பு நடப்பது உங்களுக்குத் தெரியும். பழைய மாணவர்கள் சிலர் வாங்கிக் கொடுத்த ஐந்து பழைய கணினிகள். முதல் வாரம் பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் மாதம் பன்னிரண்டு. பள்ளி விடுமுறை முடிந்து வந்தால் ஏழு. ஒரு சனிக்கிழமை பெருமழை. நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். இரண்டு கணினி வேறு கெட்டுப்போயிருந்தது. அன்று நான் முடிவு செய்துவிட்டேன், இதோடு மூடிவிடுவோம் என்று. தலைமையாசிரியரிடம் சொல்ல வார்த்தைகூடத் தயார் செய்துவிட்டேன். "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை சார்." பாருங்கள், பழியை உங்கள் மேல் போடத்தான் என் மனம் முதலில் போயிற்று.

கதவைப் பூட்டும்போது நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி குடையை விரித்துக்கொண்டே கேட்டாள். "சார், அடுத்த வாரம் என்ன செய்வோம்?"

அவளிடம் வகுப்பு இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வா, பார்ப்போம்" என்றேன். அன்று இரவுதான் இந்த இன்போசிஸ் கதையை முழுவதும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் தப்பு எனக்கே தெரிந்தது. தப்பு பிள்ளைகளிடமும் இல்லை, பெற்றோரிடமும் இல்லை. அந்த வகுப்பில் சாவி என்னிடம், பாடம் என்னிடம், மின்விசையைப் போடுவதும் நான், அணைப்பதும் நான். எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு வாரம் வகுப்பே இல்லை. வந்த பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒரு முறை ஏமாந்த பிள்ளை மறுமுறை வருமா? அவரோ எல்லோரும் பேசிய பிறகு பேசினார். நானோ பிள்ளைகளை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. என்ன கற்க ஆசை என்றுகூட நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் சாவியை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்தேன். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று வைத்தேன். "உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன். ஒருவன் விளையாட்டு என்றான். குடையோடு நின்ற அந்தப் பெண் சொன்னாள், "எங்க அப்பா சம்பளக் கணக்கு சார்."

அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். ஸ்கிராட்ச் என்று பிள்ளைகளுக்கான ஒரு நிரல் எழுதும் முறை இருக்கிறது, இலவசமாகக் கிடைப்பது. அதில் ஆறு வாரம் உட்கார்ந்து எழுதினாள். எத்தனை டன், டன்னுக்கு எவ்வளவு என்று கேட்கும், பெருக்கிச் சொல்லும். முடித்த அன்று அப்பாவின் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கணினி சொன்ன தொகை அதிகமாகவும் சீட்டில் உள்ள தொகை குறைவாகவும் இருந்தது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தியா, ஏமாத்துறாங்க!" என்று ஆபீசுக்கே கிளம்பிவிட்டாராம். அந்தப் பிள்ளை தடுத்து, "இருப்பா, நான் சாரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். தப்பு நிரலில் இருந்தது. ஊழியர் சேமநிதி, சொக்சோ முதலிய பிடித்தங்களை அவள் கழிக்கவில்லை. 2,000 வெள்ளி சம்பளம் என்றால் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 220 வெள்ளி, தொழிலாளி பங்காகப் போகிறது. அது போய்விட்ட பணம் அல்ல. முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 260 வெள்ளி, அதே கணக்கில் போடவேண்டும். இதையெல்லாம் சேர்த்துத் திருத்தி எழுதினாள். கணக்குச் சரியாக வந்தது. அன்று அவள் நிரல் எழுதக் கற்றாள் என்பதைவிட, அவள் அப்பா தம் சம்பளச் சீட்டை வரி வரியாக வாசிக்கக் கற்றார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்போது இரண்டு மூன்று பேர் தங்கள் சீட்டை அந்தப் பிள்ளையிடம் காட்டி விளக்கம் கேட்கிறார்களாம்.

இந்தப் பிள்ளை இன்று மேடையில் பரிசு வாங்கப்போகிறவர்களில் இல்லை. தேர்வில் அவள் எட்டாவது இடம். அதையும் சொல்லிவிடவேண்டும்.

இன்போசிசுக்குத் திரும்புவோம். 1993-இல் நிறுவனத்தின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க வந்தார்கள். ஒரு பங்கு 95 ரூபாய். வாங்க ஆள் போதவில்லை! ஓர் அமெரிக்க நிதி நிறுவனம் வந்து மிச்சத்தை வாங்கிக் காப்பாற்றியது. அதே ஆண்டு அந்தப் பங்கு சந்தைக்கு வந்த அன்று 145 ரூபாய்க்கு விலை போயிற்று. ஆறே ஆண்டில், 1999-இல், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்ற முதல் இந்தியப் பதிவு நிறுவனம் என்ற பெயரை அது பெற்றது. ஒரு பொருளின் மதிப்பு முதல் நாள் கூட்டத்துக்குத் தெரியாமல் போகலாம். அதனால் மதிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

1995-இல் இன்னொரு சோதனை. அமெரிக்காவின் மாபெரும் நிறுவனம் ஒன்று இவர்களுடைய வருமானத்தில் கால் பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் விலையை மிகவும் குறைக்கச் சொன்னார்கள். அந்த விலைக்கு ஒத்துக்கொண்டால் நல்ல வேலை செய்து கொடுக்கமுடியாது, ஊழியர்களைச் சரியாக வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் வருமானத்தில் நான்கில் ஒன்று போய்விடும். யோசித்து, மரியாதையாகவே மறுத்துவிட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை. அந்த அடிக்குப் பிறகு, எந்த ஒரு வாடிக்கையாளரையும் அளவுக்கு மீறி நம்பியிருக்கக்கூடாது என்று பார்ப்பதற்கே தனியாக ஒரு பிரிவை அமைத்தார்கள்.

பெற்றோர்களே, நம் சமூகத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஒரே தோட்டத்தை நம்பி மூன்று தலைமுறை இருந்தோம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் போயிற்று, வீடும் போயிற்று, கோயிலும் பள்ளியும் எங்கே போவது என்று தவித்தன. ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில், ஒரு படிப்பு, மூன்று மொழி என்று பல கிளைகள் வேண்டும். ஒரு கிளை முறிந்தாலும் மரம் நிற்கும்.

வெற்றி வந்த பிறகு ஒரு தலைவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். தொண்ணூறுகளில் இன்போசிஸ் தன் ஊழியர்களுக்கே நிறுவனத்தின் பங்குகளைக் கொடுக்கத் தொடங்கியது. கூட உழைத்தவர்களும் உடைமையாளர் ஆனார்கள். 2002-இல் நாராயணமூர்த்தி தலைமை நிர்வாகிப் பதவியைத் தோழர் நந்தன் நிலேகனியிடம் ஒப்படைத்தார். பிறகு வேறு தோழர்கள் முறையே வந்தார்கள். சாவியைக் கொடுக்கத் தெரிந்தவர்.

அவரிடம் தப்பே இல்லையா? உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கக்கூடாது என்று, பத்தாயிரம் ரூபாய் கொடுத்த மனைவியையே நிறுவனத்துக்கு வெளியே வைத்துவிட்டார். அந்த அம்மையாருக்கும் தகுதி இருந்தது, திறமையும் இருந்தது. 2024-இல், தமக்கு வயது எழுபத்தேழு ஆனபோது, அது தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நாற்பதாண்டு கழித்தாவது தப்பைத் தப்பு என்று சொல்லும் நெஞ்சு தலைமைக்கு வேண்டும். முன்னமே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இங்கிருக்கும் அம்மாமார்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. எனக்கும் அதே எண்ணம்தான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். முயற்சி செய்தால் எல்லோரும் இன்போசிஸ் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது பாதிப் பொய். அவருக்குப் படிப்பு இருந்தது. சம்பளம் வாங்கும் மனைவி இருந்தார். நல்ல தோழர்கள் இருந்தார்கள். சட்டமும் தக்க நேரத்தில் மாறியது. முயன்றும் தோற்றவர்கள் உலகத்தில் கோடிப் பேர். நம் தோட்டத்தில் உழைக்காதவர் யார்? விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போன நம் பாட்டிமார்களைவிட உழைத்தவர் உண்டா? உழைப்பு மட்டும் போதும் என்றால் அவர்கள் எல்லோரும் மாளிகையில் இருந்திருக்கவேண்டும்.

ஆகவே விடாமுயற்சி என்பது ஒரே சுவரில் தலையை மோதிக்கொண்டே இருப்பது அல்ல. முதல் நிறுவனம் தோற்றபோது அவர் அதையே பிடித்துத் தொங்கவில்லை, மூடினார். ஏன் தோற்றது என்று கேட்டார். வழியை மாற்றினார், ஆசையை மாற்றவில்லை. வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு அடுத்தே இடுக்கண் அழியாமை என்று வைத்தார். முயல்கிறவனுக்கு இடுக்கண் வரும் என்று தெரிந்துதான் அந்த வரிசையில் வைத்தார் போலும்.

முன்னே ஓர் உறுத்தல் என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசிரியத் தகப்பனார் மகனை ஐ.ஐ.டி.க்கு அனுப்ப முடியாதபோதும், உன்னால் முடியாது என்று அவனிடம் சொல்லவில்லை. திறமை உள்ளவன் எந்தக் கல்லூரியில் படித்தாலும் முன்னுக்கு வரலாம் என்ற எண்ணத்தையே மகன் மனத்தில் விதைத்தார். நான் ஆசிரியனாகி முதல் சில ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளிடம் "உனக்கு இது வராதுடா" என்று சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் யாராவது இந்த மலரை வாசிக்க நேர்ந்தால், இந்த ஆசிரியன் மன்னிப்புக் கேட்கிறான் என்று அறிந்துகொள்ளட்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, எந்தப் பிள்ளையையும் மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எஸ்.பி.எம். வரையாவது போகட்டும். பேருந்துக் கட்டணம் கஷ்டம் என்றால் கூச்சப்படாமல் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள். கூடி யோசிப்போம். இரண்டாவது, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கணினி வகுப்பு நடக்கிறது. இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள். நீங்களும் வரலாம். உங்கள் பிள்ளையே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். மழை பெய்தாலும், நான்கு பேர் வந்தாலும், எனக்குக் காய்ச்சல் வந்தாலும் கதவு திறந்திருக்கும். சாவி என்னிடம் இல்லை.

சென்ற ஆண்டு கேள்வி கேட்ட அண்ணே, பதில் சொல்ல ஓராண்டு ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளுக்கு நான் சொல்லி அனுப்புவது இதுதான். பிள்ளைகளே, இந்தப் பரிசு இந்த ஆண்டுத் தேர்வுக்குக் கொடுப்பது. உங்கள் வாழ்க்கைக்குப் போட்ட மார்க் அல்ல. இன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறீர்கள். பரவாயில்லை. "அடுத்த வாரம் என்ன செய்வோம்?" என்ற அந்தக் கேள்வியை மட்டும் கையோடு கொண்டு போங்கள்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் பாராட்டு. நீங்கள் மேடையிலிருந்து இறங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழனுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். தலைமை அங்கேதான் தொடங்குகிறது.